கனகசிங்கம் அண்ணை காட்டிய வியாழன்

புலம்பெயர்ந்து வந்த இந்த வில்லரேயில் எங்கள் வீட்டின் கீழ்த்தட்டில் கனகசிங்கம் அண்ணை தனியாக இருக்கிறார். மேல்தட்டில் நான், கிளி. அவர் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் இருபத்தாறு வருடம் பெட்டி ஏற்றி இறக்கிய மனுசன். மனைவி குணேஸ்வரி கண்மூடி மூன்று வருடம். ஓய்வு பெற்றால் ஆட்கள் கோயில் குளம் என்று போவார்கள். இவர் தொலைநோக்கி வாங்கினார்.

வாங்கியவர் நிலாவோடு நின்றிருக்கலாம். போயும் போயும் சனியைப் பிடித்துக்கொண்டார். பின்முற்றத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டு, போகிற வருகிற தமிழ்ச் சனத்தை எல்லாம் கூப்பிட்டார்.

"சனி வடிவாத் தெரியுது, வந்து பாருங்கோ!"

யார் போவார்? கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று கும்பிடுகிற சனம் நாங்கள். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் விடுவானேன்? எனக்கோ ஏழரை நடக்கிறது. புரட்டாதிச் சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வரும்போதும் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? விலகிப் போ எண்டு இப்பதான் கும்பிட்டுட்டு வாறன்!"

"தனியப் பாத்து என்ன செய்யிறது கிளி? ஓராள் கூட இருந்து பாத்தால்தானே கண்டதெண்டு இருக்கும்."

நான் படியேறிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ஒருவரையும் கூப்பிடவில்லை. கதிரை மட்டும் இரண்டுதான் போட்டார். குசினி ஜன்னலால் ஒவ்வொரு இரவும் அதைப் பார்த்தேன்.

ஐப்பசி பிறந்து குளிர் ஏறியது. ஒரு நாள் பின்னேரம் இருட்டியதும் குப்பைப் பையோடு இறங்கினேன்.

"கிளி," என்றார் மெதுவாக. "இண்டைக்குச் சனி இல்லை. வியாழன். வியாழனைப் பாக்கலாம்தானே?"

"வியாழன் எண்டால் ஓம். நல்ல கிரகம்."

குப்பையை வைத்துவிட்டுக் கண்ணை வைத்தேன். மஞ்சளாகச் சின்ன உருண்டை ஒன்று. அதைச் சுற்றி வளையம்.

அட மனுசா! பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்தவள் நான், எனக்கே பூச்சுற்றுகிறீரா? நன்றாகக் கேட்க வேண்டுமென்று தலையை நிமிர்த்தினேன். அவர் மற்றக் கதிரையில் படிந்த ஈரத்தைத் தன் ஜக்கெற் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு கிளி?"

துடைத்த கதிரையில் இருந்தேன்.

"வடிவான வியாழன் அண்ணை. நாளைக்கும் காட்டுங்கோ."