பித்தளைத் தகடு பதித்த கணினி

எதையும் எளிதில் நம்பும் வழக்கம் எனக்கில்லை. பல்லி கத்தினால்கூட யார் சொல்லிக் கொடுத்துக் கத்துகிறது என்று கேட்பேன் என்பது என் கணவரின் கேலி. அதனால் அந்த ஞாயிறு காலை, ஈப்போவை ஒட்டிய சிலிபினில் எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தின் பெரிய திரை பாட்டின் நடுவில் கறுத்துப்போனபோது, நான் முதலில் பார்த்தது கணினியை அல்ல, பொருளாளரின் முகத்தை. அவருடைய மைத்துனர் ஈப்போவில் கணினிக் கடை வைத்திருக்கிறார்.

பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவது என் பொறுப்பு. சனிக்கிழமை கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது, ஞாயிறு படுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. உள்ளே இருந்து திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளை, அதைத் தயாரித்தவர்களே இனித் தருவதில்லையாம். கார்டில் ஒரு கோளாறும் கிடையாது. கறக்கிற மாட்டுக்கு நாளையிலிருந்து புல் இல்லை என்று சொன்ன மாதிரி. புதியதை விற்கத்தான் இந்த வேலை என்று அப்போதே தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கார்டை மாற்றினால் தீர்ந்துவிடும். ஆனால் எங்கள் ஆலயத்தில் எந்தப் பொருளும் வெறும் பொருள் இல்லை. மின்விசிறி, பெஞ்சு, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் இன்னாரின் நினைவாக என்று ஒரு பெயர் இருக்கும். அதில் கைவைத்தால் ஒரு குடும்பமே வேறு ஆலயத்துக்குப் போய்விடும். அந்தக் கணினியின் பக்கவாட்டிலும் ஒரு பித்தளைத் தகடு. கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவரின் பெயர். கடைசிக் காலத்தில் பாட்டுப் புத்தகத்தின் எழுத்து தெரியாமல் சும்மா வாயை அசைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பெரிய எழுத்தில் பார்த்துப் பாடட்டும் என்று, அவர் இறந்தபின் அவர் மனைவி வாங்கிக் கொடுத்தது. அந்த அக்காவிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்ததும் கமிட்டி மொத்தமும் என்னைப் பார்த்தது.

போய்ச் சொன்னேன்.

"நல்லாதானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?" என்றார் அக்கா.

"கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான் அக்கா. அந்த கார்டுக்கு இனிமே சாப்ட்வேர் கொடுக்க மாட்டான்."

"நம்ம வாங்குன சாமான அவன் எப்படிலா கைவிடுவான்?"

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தகட்டக் கழட்டப் பாக்கறீங்க. வேற யாரோ புதுசு தாரேன்னு சொல்லியிருக்காங்க. அதானே?"

அப்படி எதுவும் இல்லை என்றேன். பொருளாளரை நினைத்தபோது எனக்கே அது உறுதியாகத் தெரியவில்லை.

அக்காவின் மனத்தை ஆற்ற அவரை ஆலயத்துக்கே அழைத்துப்போனேன். மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடி ஏற்றினேன். திரையில் பாட்டு பளிச்சென்று வந்தது. இது தற்காலிகம்தான், அடுத்த புதுப்பித்தலில் மறுபடி போய்விடும் என்று நான் விளக்க வாயெடுப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"இந்தா, ஓடுதே! அப்புறம் எதுக்கு என்கிட்ட பொய் சொன்ன?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரையே சந்தேகப்படுகிறவள் நான், என்னைப் போய் ஒருவர் சந்தேகப்படுவதா?

அடுத்த ஞாயிறே திரை மறுபடி கறுத்தது. புதுப்பித்தலைத் தடுக்க இணையத்தைத் துண்டித்து வைக்கலாம் என்றால், வரமுடியாத நோயாளிகளுக்கு ஆராதனையை நேரலையில் அனுப்புவதும் இதே கணினிதான். வேறு வழியில்லாமல் புதிய கார்டு வாங்கினோம். பொருளாளரின் மைத்துனர் கடையில் மட்டும் வாங்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஒரு சனிக்கிழமை நானே திறந்து மாட்டினேன். அக்காவிடம் யாரும் மூச்சுவிடவில்லை. அதே பெட்டி, அதே தகடு, வெளியே ஒரு திருகாணிகூட மாறவில்லை.

மறுநாள் பாட்டெல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின் அக்கா நேராக என் மூலைக்கு வந்தார். தகடு இருக்கிறதா என்று உளவு பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"சூடு இல்லையே," என்றார். "எல்லா ஞாயிறும் யாரும் இல்லாத நேரமா வந்து தொட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். கை வச்சா சூடா இருக்கும், மனுசன் பக்கத்துல இருக்கற மாரி."

புதிய கார்டு சூடே ஆகாது என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"ஏர்கோன் காத்து இந்தப் பக்கம் அடிக்குதுல்ல அக்கா, அதான்."

"அது எப்பவும் இந்தப் பக்கம்தானே அடிக்குது," என்றார் அக்கா. கையை எடுத்துக்கொண்டார்.

அவர் இன்னும் ஞாயிறுதோறும் வருகிறார், முன்வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பாடுகிறார், முடிந்ததும் நேராக வாசலுக்குப் போய்விடுகிறார்.