மூன்றாவது ரிங்

அந்த போனை நான் வாங்கியது அதன் முதுகைப் பார்த்துத்தான். வண்ணாரப்பேட்டைக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். பழைய போன் விற்கும் கடையின் கண்ணாடிக்குள் அது குப்புறப் படுத்திருந்தது. மயில் கழுத்து நிறம். கொஞ்சம் சாய்த்தால் பச்சை, இன்னும் சாய்த்தால் ஊதா. புடவைக்கு வைத்திருந்த பணம் அப்படியே அதற்குப் போனது. முன்பக்கத்தைப் பார்த்து வாங்கினேனா என்று இன்றுவரை நினைவில்லை.

"இது பேசுமா, இல்ல சும்மா பாத்துகினே இருக்கணுமா?" என்று கேட்டாள் நாத்தனார்.

இரண்டும்தான் என்றேன். பேசுவதற்கு அதற்கு மனசு வரவேண்டும், அவ்வளவுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போகும். கால் மணி நேரம் கழித்து, யாரும் தொடாமலே எழுந்து பாட்டுப் பாடும். மழை நாளில் சார்ஜ் ஏறாது. திருவொற்றியூர்க் கரையில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடுகிறது, போன் எம்மாத்திரம்? முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளையைத் தாங்குவதுபோல அதைத் தாங்கினேன். மதியம் வேலை முடிந்ததும் பாயில் படுத்து அதன் முதுகை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். உள்ளே ஒரு கடல் இருப்பதாகத் தோன்றும். டீசல் வாடை அடிக்கும் எங்கள் கடல் இல்லை, வேறொன்று. அப்படியே கண் செருகிவிடும்.

என் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு பேரோடு பைபர் படகில் விடியுமுன் கிளம்புவார், பத்து மணி வாக்கில் திரும்புவார். எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பும்போது எண்ணூர் அனல்மின் நிலையப் புகைக்கூண்டு கண்ணுக்குத் தெரிந்ததும் வீட்டுக்கு போன் போட்டு, இரண்டு ரிங் விட்டு நிறுத்திவிடுவார்கள். அதை எடுக்கக் கூடாது. 'வந்துகினு கீறோம், கூடைய எடுத்துகினு வா' என்று அர்த்தம். மூன்றாவது ரிங் வந்தால்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது ரிங் ஒருநாளும் நல்ல சேதி கொண்டுவந்ததில்லை. எஞ்சின் நின்றிருக்கும், இல்லை ஆளுக்கு ஏதாவது ஆகியிருக்கும்.

அன்று காலை போன் ஜன்னலில் கிடந்தது. ஒரு ரிங், இரண்டு ரிங், நின்றது. எடுத்துப் பார்த்தேன், திரை கறுத்திருந்தது. அது கறுப்பது என்ன புதிதா? கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கரையில் என் தம்பியின் படகு சும்மா கிடந்தது. அவன் அதன் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"இன்னாக்கா, மாமா வர்றாரா?"

"வந்துகினு கீறாரு" என்றேன்.

அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறைகளின் மேல் ஏறி உட்கார்ந்தேன். கடல்மேல் மெல்லிய மூட்டம். தூரத்தில் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அவை நகர்கின்றனவா, நான்தான் நகர்கிறேனா என்று தெரியாத ஒரு கிறக்கம். மடியில் போன் தானாக உயிர்பிடித்தது. ஒரு படம் எடுத்தேன். அது எடுக்கும் படத்தில் மட்டும் எங்கள் கடல் கலீஜாகத் தெரியாது, நீலமாக இருக்கும். ஸ்டேட்டஸில் வைத்தேன். வைத்த கையோடு மறுபடி கறுத்துவிட்டது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கூடைகள் நிறைந்து போயின. பாறை சுட ஆரம்பித்தது. இரண்டு ரிங் விட்டால் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறவர், ஒன்றரை மணி நேரமாகியும் வரவில்லை. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இரண்டு ரிங்கில் நிறுத்தியது அவரா, போனா?

தம்பியிடம் ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் படகைத் தள்ள ஆரம்பித்திருந்தான்.

மதியத்துக்கு மேல் அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் கப்பல் வரும் தடத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மூன்று பேரும் மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது.

மணலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் கட் பண்ணலீங்க, அதுவா ஆஃப் ஆயிடுச்சி" என்று அழுதேன்.

"ரெண்டு ரிங்ல நின்னுச்சி. திரும்பப் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சி. சரி, போன் போயிடுச்சின்னு நெனச்சேன்" என்றார். "அப்பால டவரே கெடைக்கல, யாருக்கும் போட முடியல. ஒரு தபா லேசா வந்தப்ப பாத்தா நீ ஸ்டேட்டஸ் வச்சிகீற. போன் நல்லாத்தான் கீது, நம்மளதான் எடுக்கலன்னு நெனச்சிக்கினேன்."

கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய தன் போனை எடுத்தார். என் படத்தைத் திறந்து, உரிந்த விரல்களால் பெரிதாக்கிக் காட்டினார். நீலத்தின் ஓரத்தில், மூட்டத்துக்குள், ஒரு அரிசி அளவுக்குப் படகு. அதன்மேல் வெள்ளையாக ஏதோ ஒன்று.

"நாங்கதாம்மே. லுங்கிய அவுத்து ஆட்டிகினு கீறேன், பாரு."

படத்தின் கீழே நான் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. "எவ்ளோ அழகு!"