அம்மை என்று நினைத்த காய்ச்சல்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குத் தொழுநோய் இருப்பதைக் கேகாலை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். முதுகில் உணர்ச்சியற்ற தேமல்கள். மாதாமாதம் மருந்துக் குளிசை அட்டை கொடுத்தார்கள். மனைவியைத் தவிர, நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் சொல்லவில்லை. நான் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். விஷயம் தெரிந்தால் என் வாளியைக்கூடப் பக்கத்தில் வைக்க விடமாட்டார்கள் என்று பயம். குளிசையால் மேனி கறுத்தபோது கங்காணி எல்லோர் முன்னும், "என்னப்பா, அடுப்புக்குள்ள படுத்து எந்திரிச்சியா?" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

சில மாதங்களில் கடும் காய்ச்சல் வந்தது. முகத்திலும் கைகளிலும் சிவந்த கட்டிகள் எழும்பின. தொட்டால் உயிர் போனது. பக்கத்துக் காம்பராக்காரம்மா எட்டிப் பார்த்து அம்மை என்றார். அம்மை கண்ட வீட்டில் மருந்து கொடுப்பதில்லை. மனைவி குளிசை அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வாசலில் வேப்பிலை கட்டினாள். தாளிப்பதை நிறுத்தினாள். யார் யாரோ வாசலில் இளநீர் வைத்துக் கும்பிட்டுப் போனார்கள். உண்மை தெரிந்தால் இதே ஆட்கள் என்ன செய்வார்கள் என்று பாயில் கிடந்தபடி நினைத்துக்கொள்வேன்.

வலது முழங்கையில் ஒரு நரம்பு கயிறு போலத் தடித்து எரிந்தது. அம்மைக்கு இப்படி எரியாதே என்று மனைவிக்கும் சந்தேகம். ஆனாலும் தலைக்கு மூன்றாம் தண்ணி ஊற்றாமல் வீட்டைவிட்டுக் கிளம்பினால் தெய்வக் குற்றமாகிவிடும் என்று பயந்தாள். தண்ணி ஊற்றிய அன்று சோற்றைப் பிசையப் போனேன். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மடங்கியே நின்றன.

மறுநாள் கேகாலைக்குப் போனோம். பெண் டொக்டர், நாங்கள் நோனா என்போம், கையைத் திருப்பிப் பார்த்தார். ஏன் முன்னமே வரவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். வேப்பிலை கட்டியதை மனைவிதான் சொன்னாள். அவர் திட்டவில்லை. குளிசையால் கிருமிகள் செத்துக்கொண்டுதான் இருந்தன, செத்த கிருமிகளின் துணுக்குகளோடு உடம்பு சண்டை போடுகிறது, கட்டியும் காய்ச்சலும் அந்தச் சண்டைதான், நரம்பு வெந்ததும் அதிலேதான் என்று நிதானமாக விளக்கினார். காய்ச்சல் கண்ட அன்றே வந்திருந்தால் அடக்கியிருக்கலாமாம்.

பஸ் நிலையத்தில் மனைவி கேட்டாள்: "செத்ததோட எதுக்குங்க சண்டை?"

"ஒடம்புக்கு அது தெரியலையாம்," என்றேன்.

சண்டையை அடக்க வேறு குளிசை தந்திருந்தார்கள். கட்டிகள் வற்றின, எரிச்சலும் அடங்கியது. விரல்கள் நிமிருமா என்பதைப் போகப் போகத்தான் சொல்லலாம் என்றிருந்தார் டொக்டர். மனைவி எண்ணெய் தடவி நீவி விட்டாள். நிமிரவில்லை.

வேலைக்குத் திரும்பிய காலை, கங்காணி மரத்தடியில் நின்று பார்த்தார். மிச்சமிருந்த விரல்களால் கத்தியைப் பிடித்து இழுத்தேன். அது வழுக்கி, பட்டையைத் தாண்டிக் கட்டைவரை இறங்கியது. அடுத்த மரத்திலும் அப்படியே. அவர் கேலி எதுவும் பேசவில்லை.

"மரத்தக் கெடுக்காதப்பா. புல்லு வெட்டப் போ."

கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டு, பெண்கள் புல் வெட்டிக்கொண்டிருந்த மேட்டுக்கு ஏறினேன்.