தங்கப் பட்டையில் கோடு

ஈஜிபுராவில் இருக்கும் என் வீடியோ கேம் கடைக்கு அவர் நனைந்துகொண்டே வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முந்தின நாள் என்னிடம் வாங்கிய கேம் கார்ட்ரிட்ஜைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதன் பின்பக்கத் தங்க நிறப் பட்டைகளில், ஏற்கெனவே மெஷினில் செருகி எடுத்ததுபோல், மெல்லிய கோடுகள் இருந்தன.

"எப்பவும் பழசுதான் சார் வாங்கித் தருவேன். இந்த பர்த்டேக்குதான் புதுசு. நானே பிரிச்சு கையில குடுத்தேன். பொண்ணு பாத்துட்டு, 'இதுவும் செகண்ட் ஹேண்டாப்பா?'ன்னு கேட்டுட்டா."

"ஃபேக்டரியில டெஸ்ட் பண்றப்பவே விழுற கோடு சார். எல்லாத்துலயும் இருக்கும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு புதுப் பெட்டியை அவர் எதிரிலேயே பிரித்துக் காட்டினேன். அதிலும் அதே கோடுகள்.

"நான் நம்பிட்டேன் சார். அவ நம்பணுமே" என்றார். நான் கிழித்துப் போட்ட பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார். "அதைக் குடுங்க, எங்களோட உறை குப்பைக்குப் போயிடுச்சு. இதை வீட்ல காட்டுறேன்."

மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

நான் பிரித்த பெட்டி இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும், "இது செகண்ட் ஹேண்டா?" என்கிறார்கள். காட்டுவதற்கு என்னிடம் உறைகூட இல்லை.