கண்ணுக்கு நல்லது

காஜா பெராங் ரோட்டில் நாங்கள் யாரும் கடிகாரம் பார்த்து உலை வைத்தவர்கள் அல்ல. கணேசமூர்த்தியின் மூன்று சக்கர சைக்கிள் எங்கள் மளிகைக்கடை வாசலில் வந்து நின்றால் மணி எட்டு. விடியும் முன்பே செங் ஊர்ப் பக்கத்துச் சீனர் தோட்டங்களுக்குப் போய், ஈரம் காயாத கீரையும் காயும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவான். மலாய் பேசும் செட்டிக் கம்பத்துப் பெண்களுக்காக முதலில் "சாயோர், சாயோர்" என்று காய்கறியை மலாயில் கூவுவான். பிறகு எங்களுக்காகத் தமிழில் இறங்குவான்.

"முருங்கைக்கீரை, கண்ணுக்கு நல்லது. பாவக்காய், ரத்தத்துக்கு நல்லது. பப்பாளி, வயித்துக்கு நல்லது."

ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்லது வைத்திருப்பான். கீரைக்கட்டை என் கையில் கொடுக்கும்போதே ஒரு பிரசங்கமும் சேர்ந்து வரும். தட்டில் ஒரு கீரை, ஒரு காய், சாப்பிட்ட பிறகு ஒரு பழம், இந்த மூன்றும் இல்லாமல் ஒரு நாள் போகக்கூடாது என்பான். இவன் சொல்வதையெல்லாம் கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட்டுவிடலாம் என்று நான் கிண்டல் செய்வேன். கிண்டல் செய்துகொண்டே வாங்கியும் விடுவேன். கறி இல்லாமல் சோற்றில் கை வைக்காத என் வீட்டுக்காரர் ஜெய்னுலாப்தீனைப் பயிற்றங்காய் தின்ன வைத்தது நானல்ல, அவன்தான்.

ஊர் வாய்க்கெல்லாம் கீரை போட்டவனுக்கு அலமேலு என்று ஒரே ஒரு மகள். அவள் வாயில் அவன் ஒரு கீரைத் தண்டு, ஒரு பழத்துண்டு வைத்ததில்லை. கஞ்சத்தனமா என்றால் இல்லை. விற்காமல் மிஞ்சிய பழத்தை வழியில் பார்க்கிறவர்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவன். அவனுக்குப் பயம்.

அந்தப் பயம் வந்த கதை எனக்குத் தெரியும். அவன் மனைவி பாக்கியலட்சுமி அலமேலுவைப் பெற்றது ஐம்பத்தொன்றாம் வருடம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் குளிர்ச்சி ஆகாது என்பது இந்த ஊரில் மலாய்க்காரர், இந்துக்கள், எங்களவர் எல்லாரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம். சுட்ட கருவாடும் மிளகுச் சாறும்தான் சாப்பாடு. பன்னிரண்டாம் நாள் அவள் நாக்கு செத்துப்போய் ஒரு துண்டு பப்பாளி கேட்டிருக்கிறாள். இவனும் மருத்துவச்சிக்குத் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அதற்கு நான்காம் நாள் காய்ச்சல், அடுத்த வாரம் மையித்து.

கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருந்தது என்று டாக்டர் சொன்னாராம். அது யார் காதிலும் விழவில்லை. பழம்தான் கொன்றது என்று மருத்துவச்சி சொன்னாள், கூடியிருந்த பெண்கள் தலையாட்டினோம். ஆமாம், நானும்தான் ஆட்டினேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் நான் பொய்க்காரி.

தாய்ப்பால் இல்லாத பிள்ளை எங்கள் கடை டின் பாலில் வளர்ந்தது. பாதி நாள் கலக்கிக் கொடுத்தது என் கைதான். பல் முளைத்த பிறகு வெள்ளைச் சோறு, மிளகுச் சாறு, கருவாடு, பிஸ்கட். கூடப் பிறந்ததுபோல் ஒரு சளி எப்போதும் அவள் நெஞ்சில் இருந்தது. அதனால் வெள்ளரி குளிர்ச்சி, கீரை குளிர்ச்சி, வாழைப்பழம் குளிர்ச்சி. அவன் வியாபாரத்துக்குச் சுற்றும்போது அவளை எங்கள் கடையில்தான் விட்டுப்போவான். ஒரு நாள் நான் பாசத்தில் அரை வாழைப்பழம் கொடுத்துவிட்டேன். அவன் அப்போது பார்த்து வந்து, பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு அத்தனையையும் தோண்டி எடுத்தான். பத்து நாள் என்னோடு பேசவில்லை. பழத்தைக் கண்டாலே அழ அவள் அன்றைக்குத்தான் பழகினாள்.

ஐம்பத்தாறாம் வருடம் பிப்ரவரி மாதம், பண்டார் ஹீலிர் திடலில் மலாய் நாட்டின் சுதந்திரத் தேதியைச் சொல்லப்போகிறார்கள் என்று ஊரே திரண்டது. அவ்வளவு கூட்டத்தை வியாபாரி விடுவானா? அன்னாசியும் பப்பாளியும் அறுத்து அடுக்கிக்கொண்டு, அலமேலுவையும் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனான். சாயங்காலம் காலிக் கூடைகளோடு திரும்பி வந்தான். வானம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. சைக்கிளைவிட்டு இறங்கிய பிள்ளை நேராக என்னிடம் நடந்து வந்து, தரையில் கால் வைப்பதுபோலச் சாக்கடையில் கால் வைத்து விழுந்தது.

தூக்கிக் கழுவிவிட்டேன். பார்த்து நடக்கக்கூடாதா என்று அதட்டியதற்கு, "எல்லாம் இருட்டா இருக்கு மாமி" என்றாள். நான் கணேசமூர்த்தியைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"கணேசு, இது மாலைக்கண். கீரை கொடு, பப்பாளி கொடு. ஈரல் வாங்கிக் கொடு."

"இருமுறாளேக்கா."

"இருமினா இருமட்டும். கண்ணு போனா திரும்பி வருமா?"

அவன் கொஞ்ச நேரம் கூடையைத் தட்டிக்கொண்டிருந்தான். "அவ அம்மாவும் ஒரே ஒரு துண்டுதாங்க்கா கேட்டா" என்றான்.

ஆனாலும் விடவில்லை. அன்றாடம் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான், நாளைக்குக் கொடுக்கிறேன் என்பான். ஒருமுறை எங்கள் கடைக்குப் பின்னால் குழாயடியில் அவனைப் பார்த்தேன். முருங்கைக்கீரையை வேகவைத்து, அந்தச் சாற்றை ஒரு தம்ளரில் வைத்துக்கொண்டு பிள்ளைமுன் குந்தியிருந்தான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். பிறகு எழுந்து தம்ளரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டான்.

கோழை, மடையன் என்று அன்று என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிள்ளை காலை முழுவதும் என் கடையில்தான் இருந்தது. என் கொல்லையில் பப்பாளி மரம் காய்த்துத் தொங்கியது. அவனுக்குத் தெரியாமல் நானே கெஞ்சிக் கொஞ்சி ஊட்டியிருக்கலாம். ஊட்டவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மஜீதா கொடுத்த பழம் என்று ஊர் பேசுமே என்று பயந்தேன். அவன் பயந்தது மகளின் உயிருக்கு, நான் பயந்தது என் பெயருக்கு.

அந்த வருடம் நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. அலமேலுவுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். பத்து நாள் கஞ்சித் தண்ணீர்தான். காய்ச்சல் விட்ட மறுநாள் காலை, மழையில் நனைந்துகொண்டே பிள்ளையைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தான். கண்ணைத் திறக்கமாட்டேன் என்கிறாள் என்றான். நான் மெதுவாக இமையைப் பிரித்தேன். இடது கண்ணின் கருவிழி அவித்த முட்டைபோல வெளுத்திருந்தது.

வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு டாக்சி பிடித்துவந்தார். நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கண்ணையும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார். தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி எங்களுக்கு எடுத்துச் சொன்னாள். இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, மருந்தால் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் சாப்பாடு மாறாவிட்டால் அதுவும் நிற்காது.

பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்டாள். அவன் சொன்னான். தாதி நல்ல பெண், கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். தினமும் ஏதாவது ஒரு கீரை, ஒரு காய், ஒரு பழம். முருங்கைக்கீரை கிடைத்தால் ரொம்ப நல்லது. பப்பாளி நல்லது. அவள் சொல்லச் சொல்ல அவன் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. அத்தனையும் அவனுக்கு மனப்பாடம்.

"உங்க பக்கத்துல சாயோர் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

அவன் பிள்ளையைச் சுற்றியிருந்த சாக்கை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். அவள் மறுபடியும் கேட்டாள். நான்தான் சொன்னேன், "இவருதாம்மா விக்கிறவரு." சும்மா இருந்திருக்கலாம் நான். தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று வாரம் கழித்து, இடது கண்ணில் கட்டும் கையில் ஒரு மீன் எண்ணெய்ப் பாட்டிலுமாக அவளைக் கூட்டிவந்தோம். அன்றே நான் என் கொல்லைப் பழத்தை அறுத்து, தோல் சீவி, தட்டில் வைத்தேன். இந்தமுறை யார் என்ன பேசினாலும் பேசட்டும் என்று இருந்தேன். கணேசமூர்த்தி ஒரு துண்டை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் பின்வாங்கி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அம்மா செத்த பழம்" என்றாள்.

யாரும் அவளுக்குத் தனியாகச் சொல்லித்தரவில்லை. ஐந்து வருடமாக அவள் காதுபட நாங்கள் பேசியதுதான். கெஞ்சினான். மிரட்டினான். உதட்டில் தேய்த்துப் பார்த்தான், அவள் புறங்கையால் துடைத்துத் துடைத்து அழுதாள். அவனுக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு என்ன தோன்றியதோ, அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். மனைவி போனதிலிருந்து அவன் பழம் தொட்டுத் தின்றதில்லை. நீண்ட நேரம் மென்று மென்றுதான் விழுங்கினான். இன்னொரு துண்டையும் தின்றான். அலமேலு இருந்த ஒற்றைக் கண்ணால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா செத்துவிடுவாரா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிய நேரமானது.

சாயங்காலம் வரை பார்த்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் நகத்தளவு ஒரு துண்டை நாக்கில் வைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை என்று மறுநாள் சொன்னான். பிள்ளை ஒவ்வொரு தடவை இருமியபோதும் எழுந்து எழுந்து மூச்சைப் பார்த்தானாம். அது ஒரு நாளோடு முடிகிற விஷயம் அல்ல. கீரை ஊட்டும் முன் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பான், கேட்டுவிட்டு ஊட்டிவிடுவான். வலது கண் தங்கியது. சாயங்காலத்தில் சாக்கடையைத் தாண்டி வரவும் பழகிவிட்டாள்.

திரும்ப வியாபாரத்துக்கு வந்தபோது அவன் கூவல் பாதியாகிவிட்டிருந்தது. முருங்கைக்கீரை, பாவக்காய், பப்பாளி என்று பெயரை மட்டும் சொல்வான். நல்லது எதுவும் சொல்வதில்லை. பெண்கள் வந்து பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். மகளை மட்டும் இப்போது கடையில் விடுவதில்லை, சைக்கிளின் முன்னாலேயே உட்கார வைத்துக்கொண்டான்.

அடுத்த வருடம் சுதந்திரம் கிடைத்து ஒரு வாரம் இருக்கும். கடைக்கு மேல் கட்டிய கொடியை வீட்டுக்காரர் இன்னும் அவிழ்க்கவில்லை. மணி எட்டு. சைக்கிள் வந்து நின்றது.

"முருங்கைக்கீரை" என்றான் கணேசமூர்த்தி.

"கண்ணுக்கு நல்லது" என்று முன்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கூவியது. அவன் ராகத்திலேயே, ஒரு இழுப்புக்கூடக் குறையாமல்.

அக்கம்பக்கத்துக் கதவுகளில் நின்ற பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அலமேலு என் பக்கம் பார்ப்பதற்காக முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. நல்ல கண் மறுபக்கம் இருந்தது.

"அப்பா எப்பவும் அதை மறந்துடறாரு மாமி. நான்தான் சொல்லணும்" என்றாள்.

சொல்லாதே என்று அவளிடம் அவன் எப்படிச் சொல்வான்? என்ன காரணம் காட்டுவான்? கட்டிவைத்த கீரைக்கட்டை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் போய் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டேன். சைக்கிள் நகர்ந்தது. அடுத்த வீட்டு வாசலில் அவன் கீரையின் பெயரைச் சொன்னான், மீதியை அவள் சொன்னாள்.