ஐந்தாவது வேட்டு

வேட்டு வெடிக்கும்போது சவரிமுத்து காதைப் பொத்திக்கொள்வதில்லை. கிணற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு வெடிச்சத்தங்களை எண்ணுவார். இடக்காது பர்மாவிலேயே போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துத்தான் எண்ணிக்கை.

வரதராஜன்பேட்டையில் அவருக்குப் பட்டாளத்தார் என்று பெயர். ஜப்பான்காரன் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத் தோண்டியெடுக்கும் படையில் நான்கு வருடம் இருந்தவர். நாற்பத்தாறில் ஊர் திரும்பியதும், கற்ற தொழிலுக்குக் கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைக்கும் வேலைதான் கிடைத்தது. விடிந்ததும் முகச்சவரம், பிறகு நின்றபடியே சோறு. "ஒக்காந்து தின்னா என்னவாம்?" என்பாள் மனைவி செபஸ்தியம்மாள். "எந்திரிக்க நேரமாவும்ல" என்பார்.

நாற்பத்தேழு சித்திரையில், உடையார்பாளையம் பக்கம், அய்யாக்கண்ணு என்பவரின் வறண்ட கிணற்றின் அடிப்பாறையில் ஐந்து குழி போட்டு, வெடிமருந்து திணித்துத் திரி கொளுத்தினார். சத்தம் ஓய்ந்தது.

"நாலுதான் வெடிச்சிருக்கு. யாரும் எறங்காதீங்க."

"அஞ்சும் வெடிச்சுதுங்க. நான் கேட்டேனே," என்றார் அய்யாக்கண்ணு. "ஒத்தக் காதை வச்சுக்கிட்டு நீங்க…" பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சவரிமுத்துவின் முகம் கறுத்தது. தன் காதை அவரே முழுசாக நம்பியதில்லை. அவர் விரல் கணுக்களை மறுபடி தொட்டு எண்ணிப் பார்த்த அந்த நேரத்தில், கல் அள்ளும் நல்லுசாமி படியில் இறங்கிவிட்டான். அடியில் கால் வைத்ததும் ஒரு பாறை உருண்டு கணுக்காலை நசுக்கிப் பிடித்துக்கொண்டது.

"கால் மாட்டிக்கிச்சு! பட்டாளத்தாரே, இங்கன ஒரு குழி பொகையுது!"

மேலே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். சவரிமுத்து குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். நல்லுசாமி காலை வெறிபிடித்தவன்போல் இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு முழத்துக்கு அப்பால் குழிக்குள் திரி கனன்றுகொண்டிருந்தது.

"இழுக்காதடா. என்னயப் பாரு. ஒம் பொண்டாட்டி பேரு என்னா?"

"ராசாத்தி…"

"புள்ளைங்க?"

"ஒண்ணு வயித்துல இருக்குங்க." அவன் அழ ஆரம்பித்தான்.

கேட்டுக்கொண்டே சவரிமுத்து குப்புறப் படுத்து, குழியை அடைத்திருந்த களிமண்ணை விரலால் குழைத்துக் குழைத்து, மருந்து நனையும்படி சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை உள்ளே விட்டார். உஸ்ஸென்று ஒரு சீற்றம். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். புகை மெலிந்தது, நின்றது. இருந்தும் குடம் காலியாகும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

தலை நிமிர்ந்தபோது எதிரில் அய்யாக்கண்ணு கடப்பாரையோடு நின்றார். அவர் மட்டும் திரும்பி வந்திருந்தார். நனைந்த குழியைப் பார்த்தார்; பாறைக்கடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்.

நல்லுசாமியை மாட்டுவண்டியில் கிடத்தினார்கள். நசுங்கிய பாதம் வண்டிக்கு வெளியே ஆடாமலிருக்க சவரிமுத்து இரு கைகளாலும் தாங்கிக்கொண்டார்.

"வைக்கோல் போட்டாச்சு, விடுங்க. இனி நாங்க பாத்துக்கறோம்," என்றார் அய்யாக்கண்ணு.

வண்டி நகர்ந்தது. சவரிமுத்து பாதத்தை விடவில்லை. வண்டியின் பின்னாலேயே நடந்தார்.