விஜயம் அக்கா வாங்கிய காற்று மெத்தை

விஜயம் அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது பக்கத்து மேஜையில் இருந்தவள் நான். டைப்ரைட்டர் முன்னாலிருந்து எழுந்தவர் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் வெறுந்தரையில் படுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். விஜயம் அக்கா தலையில் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா நடக்கிறவர். தைப்பூசத்துக்குப் பழனி, வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர், ஐப்பசியில் பேரையூர் வழியாகச் சதுரகிரி. பனி, வெயில், மழை எல்லாவற்றையும் தரையில் படுத்தே பார்த்தவர். நானும் கூடப் போவேன், வழியெல்லாம் முனகிக்கொண்டு. அக்கா முனக மாட்டார். ஆபீசில் சிடுசிடுவென்று இருக்கிற மனுஷி, சமயநல்லூர் தாண்டியதும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஆகிவிடுவார்.

"இது நின்னு போச்சுன்னா நான் செத்தேன்டி" என்றார் என்னிடம். "வருசத்துல அந்தக் கொஞ்ச நாள்தான் என்னைய யாரும் விஜயம் விஜயம்னு கூப்புட மாட்டாங்க."

கூப்பிடுகிறவர் அவருடைய கணவர் விஸ்வேஸ்வரன். பேங்கில் கிளார்க். குடி கிடையாது, சீட்டு கிடையாது, குரலை உயர்த்திப் பேசியதும் கிடையாது. ஆனால் துண்டு எங்கே, கண்ணாடி எங்கே, இன்றைக்கு என்ன கிழமை, எல்லாம் விஜயத்தைத்தான் கேட்பார். அதையும் சிரித்த முகமாகக் கேட்பார். அதனால்தான் சண்டை போடவும் வழியில்லை. எனக்கு வாய்த்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

பஞ்சு மெத்தை கொண்டு போக முடியாது. மாலை போட்டவர்கள் மெத்தையில் படுக்கக் கூடாது. எங்கள் நடைக் குழுவின் தலைவர் சீதாராமன், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் அக்கா கேட்டார்: "உள்ள வெறும் காத்து மட்டும் இருந்தா?" சீதாராமன் சார் ரொம்ப நேரம் யோசித்தார். "பஞ்சு இல்லேன்னா அது மெத்தையே இல்லம்மா" என்று தீர்ப்புச் சொன்னார். விதியில் எழுதாததை அவர் தடுத்ததே இல்லை.

மார்கழி முழுக்க நாங்கள் காற்று மெத்தை தேடினோம். முதலில் சிம்மக்கல் பஞ்சர் கடையில் ஒரு லாரி ட்யூப். அதில் படுத்தால் நடு ஓட்டைக்குள் இடுப்பு இறங்கிவிட்டது. எந்த இடத்துக்கு மெத்தை தேவையோ அந்த இடத்தில்தான் ட்யூபில் ஒன்றுமே இல்லை. அடுத்து பெரியாஸ்பத்திரி எதிரே ஒரு மெடிக்கல் ஸ்டோரில் நோயாளிகளுக்கு விற்கிற, காற்று அடைக்கிற ரப்பர் மெத்தை. கறுப்பு நிறம், குட்டை, தூக்கினால் தோள் வலிக்கிற கனம். வாடையோ மூக்கைப் பிடுங்கியது. "பொணத்துக்குப் போட்ட மாதிரி இருக்குக்கா" என்றேன். கடைக்காரர் என்னை முறைத்தார்.

கடைசியில் டவுன்ஹால் ரோட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் கிடைத்தது, நீல நிறத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்தது. தலைமாட்டிலேயே தலையணை. மடித்தால் டிபன் பாக்ஸ் அளவுதான். அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார், ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. இரண்டு பேரும் கடையிலேயே சிரித்துவிட்டோம்.

அக்காவின் ஆனையூர் வீட்டு மொட்டை மாடியில் சோதனை நடந்தது. அக்கா எதையும் டைப் அடித்த கடுதாசி மாதிரி பிழை பார்க்காமல் விடமாட்டார். ஊதித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. கல்லாக ஊதினால் உருட்டிவிடுகிறது, கொஞ்சம் தளர்வாக விட்டால் இடுப்பு பதமாக அமர்கிறது. வெயிலில் காற்று உப்பும், அதனால் வைகாசிக்கு இன்னும் தளர்வாக ஊத வேண்டும். பனிக்கு அடியில் இருந்து குளிர் ஏறும், சாக்கு ஒன்று விரித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாக்கே கருவேல முள்ளுக்கும் காவல். மழைக்கு மட்டும் எதுவுமே செய்ய வேண்டாம், தண்ணீர் அடியில் ஓடினாலும் மேலே நனையாது. அக்கா படுத்துப் பார்த்தார். கண்ணை மூடினார். "போதும்டி, இனி சாகுற வரைக்கும் நடப்பேன்" என்றார்.

அப்போதுதான் "விஜயம், என் பேனாவப் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே விஸ்வேஸ்வரன் மாடிக்கு வந்தார். மெத்தையைப் பார்த்தார். படுத்துப் பார்க்கட்டுமா என்றார். படுத்தார். ஆறடி மனிதர் கால் நீட்டிப் படுக்க இடம் சரியாக இருந்தது.

"அடடா" என்றார். "எம்புட்டு சுகமா இருக்கு! தரையில படுக்கணுமேன்னுதான் இத்தன வருசமா நான் வரல. இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிரு விஜயம். தைப்பூசத்துக்கு நானும் வாரேன்."

அக்கா முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னார். பேனாவை அவர் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக்குப் போனார். மெத்தையைக் கல்லாவில் வைத்தார்.

"ஓட்டையாம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஓட்டையெல்லாம் இல்லண்ணே. ரொம்ப நல்லா இருக்கு. அதான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கிருந்து நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே போய், அந்தக் கறுப்பு ரப்பர் மெத்தையை வாங்கினோம். குட்டையான அக்காவுக்கு அது அளவாகத்தான் இருந்தது. இடுப்பைத் தாங்கவும் தாங்கியது. வாடைக்கு மட்டும்தான் மருந்தில்லை.

"இடுப்புக்கு இந்த மாதிரிதான் நல்லதாங்க" என்று வீட்டில் விரித்துக் காட்டினார் அக்கா. விஸ்வேஸ்வரன் ஆசையாகப் படுத்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் தரையில் கிடந்தது. ஒரு தும்மல், இரண்டாவது தும்மல், மூன்றாவதில் உருண்டு கீழே வந்துவிட்டார்.

"இதுலயா படுக்கப் போற?"

"வேண்டுதல்னா சும்மாவாங்க."

"நம்மால ஆகாதும்மா. நீயே போயிட்டு வா" என்றார்.

புறப்பட்ட அன்று காலையில் அந்த மெத்தையைச் சுருட்டி, அவரே தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்தார். பச்சைத் துண்டு கட்டிய எங்கள் கூட்டம் அங்கே நின்றிருந்தது. அக்கா தோளுக்கு அதை மாற்றிவிட்டபோது விஸ்வேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இம்புட்டு கஷ்டப்பட்டு கும்புடுற, முருகன் உன்னையக் கைவிட மாட்டான்" என்றார். நாங்கள் அடுத்த திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அங்கேயே கையை உயர்த்திக்கொண்டு நின்றார்.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பாவமா இருக்காக்கா?"

"பாவமாத்தான் இருக்கு. தங்கமான மனுசன்" என்றார் அக்கா. மெத்தையைத் தோளில் சரியாகத் தூக்கி வைத்துக்கொண்டார். "அதுக்காகக் கூடக் கூட்டிட்டுப் போக முடியுமாடி?"